லிங்க்ட்இன் பக்கத்தில் குளக்கரை வேலை

வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதனாலேயே கோவையில் ஞாயிற்றுக்கிழமை குளம் தூர்வாரப் போகிறவர்கூட அதை லிங்க்ட்இன் பக்கத்தில் எழுதக் கூசுகிறார். கொடுத்ததைச் சொல்லிக்காட்டுவது வேறு, செய்யக் கற்ற வேலையைச் சொல்வது வேறு. லிங்க்ட்இன் 2011இல் தன்னார்வப் பணிக்கெனத் தனிப் பகுதி திறந்தபோது வெளியிட்ட கணக்கெடுப்பில் 41 சதவீதத்தினர், ஆளெடுக்கும்போது அதைச் சம்பள வேலைக்குச் சமமாக மதிப்பதாகச் சொன்னார்கள். நம்மூர்க் கணக்கல்லதான். ஆனால் பம்ப்செட் கம்பெனியோ பீளமேட்டு ஐ.டி. அலுவலகமோ, புதிதாக வருபவரிடம் பார்ப்பது நாலு பேரைச் சேர்த்து ஒரு வேலையை முடிக்கும் திறமையை. மேற்பார்க்க முதலாளி இல்லாத இடத்தில் அதைச் செய்தவருக்கு மதிப்பு கூடுதல்.

யார் வேண்டுமானாலும் பொய் எழுதலாமே என்பீர்கள். எழுதலாம், ஆகவே விசாரித்தால் தெரியக்கூடியதை எழுதுங்கள். 'சமூக ஆர்வலர்' என்ற பட்டம் எதையும் சொல்லாது. கோவை நீர்நிலைகளைக் காக்க 2003இல் தொடங்கிய சிறுதுளி போன்ற அமைப்பின் பெயர், நீங்கள் இருந்த காலம், மரக்கன்று வாங்கிய கணக்கைப் பார்த்தீர்களா, ஆட்களை ஒருங்கிணைத்தீர்களா என்பது போதும். ஒருநாள் போய் செல்ஃபி எடுத்ததை விட்டுவிடுங்கள். உதவி பெற்றவர்களின் முகத்தை மட்டும் தயவுசெய்து போடாதீர்கள்.