முதல் நிரல்மொழி

கணிப்பொறி நாம் இடும் கட்டளைகளை இட்டவாறே நிறைவேற்றும் கருவியாகும். அக்கட்டளைகளை எழுதுதற்கென வகுக்கப்பெற்றவை நிரல்மொழிகள். அவை பலவாதலின், இளஞ்சிறார்க்கு எதனை முதற்கண் கற்பித்தல் தகும் என்னும் வினா எழுகின்றது.

சிறுவர்க்கென்றே ஒரு நிரல்மொழியை 1967-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் சேமர் பேப்பர்ட்டு என்னும் கணித அறிஞரும், சிந்தியா சாலமன் முதலிய அவர்தம் துணைவரும் ஆக்கினர். லோகோ என்பது அதன் பெயர். குழந்தைகளின் அறிவு வளர்ச்சியை ஆராய்ந்த பியாசே என்னும் பேரறிஞருடன் ஜெனீவா நகரில் பணியாற்றியவர் பேப்பர்ட்டு.

லோகோவிற் பின்னர்ச் சேர்ந்தது ஓர் ஆமை. முதலில் அஃது எழுதுகோல் ஏந்தித் தரையில் ஊர்ந்த பொறி. பின்னர்த் திரையில் நகரும் சிற்றுருவாயிற்று. 'முன்செல் 100' எனின், அது கோடிட்டுக்கொண்டே நூறு அடி வைத்து முன்செல்லும். 'வலம் திரும்பு 90' எனின், செங்கோணமாகத் திரும்பும். இவ்விரண்டையும் நான்கு முறை கூறின் சதுரம் அமையும்.

இனி, ஒரு சிறுவன் சமபக்க முக்கோணம் வரைய விழைகின்றான் எனக் கொள்வோம். அதன் கோணம் ஒவ்வொன்றும் 60 பாகை என அவன் கற்றுளன். ஆதலின் மும்முறையும் 60 பாகை திரும்பப் பணிக்கின்றான். கோடுகள் கூடவில்லை, அறுகோணத்தின் பாதியே தோன்றுகின்றது. அவன் திகைக்கின்றான். பின்னர்த் தானே ஆமையாகித் தரையில் நடந்து பார்க்கின்றான். புறப்பட்ட நிலைக்கே மீளுதற்கு முழுச்சுற்றாகிய 360 பாகை திரும்புதல் வேண்டும்; அதனை மூன்றால் வகுக்க 120 ஆகும். திரும்பவேண்டுவது புறக்கோணமே என அவன் தெளிகின்றான்.

இங்கு அவனைக் கடிந்தவர் எவருமிலர். பிழையே அவனுக்கு ஆசிரியனாயிற்று. மணலில் எழுதிப் பழகும் பிள்ளை தவறிய எழுத்தைக் கையால் அழித்து அஞ்சாது மீண்டும் எழுதுதல் போல்வது இது. பிழைக்கு அஞ்சும் பிள்ளை புதிதாக எதனையும் முயலான். ஆதலின், இட்ட கட்டளையின் பயனை உடனே கண்முன் காட்டித் தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ள இடந்தரும் மொழியே முதன்மொழியாதற்கு உரியது.

தொழிலகங்கள் விரும்பும் மொழியையே முதலிற் கற்பித்தல் வேண்டும் என்பாரும் உளர். அவ்விருப்பம் காலந்தோறும் மாறுவது. 1970-இல் தோன்றிய பாசுகல் பல்லாண்டுகள் கல்லூரிகளில் முதன்மொழியாய் விளங்கியது. பின்னர் அதனிடத்தைப் பிற மொழிகள் பெற்றன. எனினும், அதன்வழி முறைப்பட எண்ணப் பழகியோர்க்குப் புதிய மொழிகளைக் கற்றல் அரிதாகவில்லை.

இந்நாளில் சிறுவர்க்கு ஏற்றது, 2007-இல் மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தார் வெளியிட்ட சுகிராட்ச்சு. அதில் வண்ணக் கட்டைகளைப் பொருத்துவதுபோற் கட்டளைகளை இணைத்தல் போதும், எழுத்துப்பிழைக்கு இடமில்லை. சற்று வளர்ந்தோர் பைத்தானை மேற்கொள்ளலாம். அதனுள்ளும் அவ்வாமை உண்டு.

மாணவர்களே! எம்மொழியை முதலிற் கற்பினும், பிழை நேர்ந்தவிடத்து அஞ்சி நீங்காது, அஃது ஏன் நேர்ந்தது என ஆராய்மின். அப்பழக்கம் கணிப்பொறிக்கு மட்டுமன்றி, நும் கல்வி அனைத்திற்கும் துணையாகும்.