தபேலா எருமையும் வீட்டு எருமையும்

ஓய்வு பெற்றதும் ஊருக்குப் போய்ப் பத்து முர்ரா எருமை வாங்கிப் பண்ணை வைக்கப் போவதாகச் சொல்லும் அன்பர்கள் நம்மிடையே உண்டு. நானும் பல வருடங்கள் மும்பையில் தபேலாப் பால் வாங்கியவன்தான். அதைப் பார்த்துப் பார்த்து, எருமை வளர்ப்பு என்றாலே அதுதான் என்று நினைத்துவிடுகிறோம்.

தபேலாக்காரர் எருமையை வளர்ப்பதில்லை, கறக்கிறார். ஹரியானா, குஜராத் பக்கமிருந்து கன்று ஈன்ற எருமையாகப் பார்த்து வாங்கி வருவார். பத்து மாதம் போலக் கறவை. வைக்கோல், தவிடு, புண்ணாக்கு எல்லாமே காசு. இடமோ அதைவிடக் காசு. வற்றிய எருமையை அடுத்த ஈற்று வரை வைத்துத் தீனி போடக் கட்டாது. ஆகவே பல எருமைகள் கசாப்புக்குப் போகும். சில கிராமத்துக்குத் திரும்பும். கன்று குடிக்கும் பாலும் நஷ்டக் கணக்கு என்பதால் கன்றுகள், முக்கியமாகக் கடாக்கன்றுகள், பெரும்பாலும் பிழைப்பதில்லை. கன்றில்லாத எருமை பால் சுரக்க அடம்பிடிக்கும். அதற்குத்தான் சிலர் ஆக்சிடோசின் ஊசி போடுகிறார்கள். பால் கூட்டுவதற்காக உடலுக்குக் கேடான ஊசி போடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

நகரத் தொழுவங்களின் நெரிசலைக் குறைக்க 1949-ல் ஆரே காலனி வந்தது. எருமைகளுக்கு நல்ல கொட்டகை கிடைத்தது. ஆனால் அவை தனியார் சொத்தாகவே இருந்தன. நல்ல கறவைகள் ஒரே ஈற்றோடு முடிந்துபோவதைத்தான் நான் பெரிய இழப்பாகக் கருதுகிறேன். நல்ல தாயின் கிடாரி மிஞ்சாவிட்டால் இனம் எப்படி முன்னேறும்?

அதே முர்ரா, ரோஹ்தக், ஹிஸார் பக்கத்து வீடுகளில் வேறு வாழ்க்கை வாழ்கிறது. வீட்டுக்கு இரண்டு மூன்று எருமை. கோதுமை வைக்கோலும், குளிர்காலத்தில் பர்சீம் தீவனமும். முழுகிக் கிடக்க ஊர்க் குளம். வேலையில் பெரும்பங்கு பெண்களுடையது. கிடாரிக் கன்று அங்கே நாளைய கறவை. கட்ச் பகுதியின் பன்னி எருமையோ இரவில் புல்வெளிக்குப் போய் மேய்ந்து, காலையில் தானே வீடு திரும்பிக் கறவைக்கு நிற்கும். 2010-ல் அது தனி இனமாக அங்கீகாரம் பெற்றது.

ஊருக்குப் போகிறவர் ஹரியானா வழியைத்தான் பார்க்க வேண்டும். எருமையின் சினைக்காலம் சுமார் 310 நாள். ஈன்று மூன்று மாதத்தில் சினை பிடித்தால்கூட அடுத்த ஈற்றுக்கு 13 மாதமாகும். பத்தில் இரண்டு மூன்று எப்போதும் வற்றியே நிற்கும். அவற்றின் தீனியையும் சேர்த்துத்தான் பால் கணக்குப் போட வேண்டும். பருவத்துக்கு வருவதைப் பசுவைப்போல எருமை கத்திக் காட்டாது, கோடையில் இன்னும் அடங்கிவிடும். இரவிலும் விடியலிலும் போய்ப் பார்க்க ஆள் வேண்டும். வியர்வைச் சுரப்பி குறைவான கறுப்புத் தோல். குளமில்லாவிட்டால் உச்சி வெயிலில் நிழலும், மேலே ஊற்றத் தண்ணீரும் அவசியம்.

எருமைக்கு முன் புல்லை நடுங்கள். கம்பு நேப்பியர் போதும். பத்தையும் ஒரே நாளில் வாங்காதீர்கள், ஒரே சமயத்தில் வற்றிவிடும். பாதியை இப்போதும் மீதியை ஆறு மாதம் கழித்தும் வாங்கினால் வருடம் முழுக்கப் பால் இருக்கும்.