வழியிலும் வழுவா நோன்பு

வீட்டில் இருந்து நோன்பு காத்தல் எளிது. வழிநடையில் காத்தல் அரிது. தனித்து உண்ணும்போது காத்தல் எளிது; நண்பர் பந்தியில் அமர்ந்து காத்தல் அரிது. நம் வீட்டு அடுப்பு நாம் விரும்பியதைச் சமைக்கும். பிறர் வீட்டு அடுப்பும் உணவு விடுதியின் அடுப்பும் அவ்வாறே சமைக்குமா? ஊர் ஊராகச் சென்று ஆடியும் பாடியும் நடித்தும் வாழும் கலைஞர்க்கு இவ்விரண்டு இடர்ப்பாடுகளும் நாள்தோறும் நேர்வன. இன்று ஓரூர், நாளை வேறோரூர். இன்று ஒரு விருந்து, நாளை மற்றொரு விருந்து. அத்தகைய வாழ்வின் நடுவிலும் கொல்லா நோன்பைக் கைவிடாத கலைக்குடும்பம் ஒன்று அமெரிக்க நாட்டில் உண்டு. அதுவே ஃபீனிக்ஸ் குடும்பம்.

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், ஆரகன் மாநிலத்தில், மெட்ராஸ் என்று ஒரு சிற்றூர் உளது. நம் சென்னை மாநகரின் முன்னைய ஆங்கிலப் பெயர் அத்தொலைநாட்டு ஊருக்கு எவ்வாறு வாய்த்தது? இங்கிருந்து கப்பலேறிச் சென்ற ‘மெட்ராஸ்’ பருத்தித் துணியின் பெயரே அவ்வூரின் பெயராயிற்று என்பர். அங்கு 1970ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 23ஆம் நாள் ஓர் ஆண்குழந்தை பிறந்தது. பெற்றோர் அதற்கு ‘ரிவர்’ என்று பெயரிட்டனர். ஆறு என்பது அதன் பொருள். அடுத்துப் பிறந்த பெண்மகவுக்கு ‘ரெயின்’, அஃதாவது மழை, என்று பெயர் வைத்தனர். மூன்றாம் மகவாகிய வாக்கீன், புவெர்ட்டோ ரிக்கோத் தீவில் 1974ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 28ஆம் நாள் பிறந்தான். தமையனுக்கும் தமக்கைக்கும் இயற்கையின் பெயர்கள் இருத்தலைக் கண்ட அச்சிறுவன், தனக்கும் அத்தகைய பெயர் வேண்டுமென விரும்பி, ‘லீஃப்’, அஃதாவது இலை, என்று தன்னைத் தானே அழைத்துக்கொண்டான். பிற்காலத்தில் திரைப்படங்களில் நடிக்கத் தொடங்கியபோதும் சில ஆண்டுகள் அப்பெயரையே தாங்கியிருந்தான்.

பெற்றோர் ஒரு சமயக் குழுவில் சேர்ந்து நாடு நாடாகச் சென்றனர். மெக்சிகோ, புவெர்ட்டோ ரிக்கோ, வெனிசுவேலா என அவர்தம் பயணம் நீண்டது. வறுமை உடன் வந்தது. வெனிசுவேலாவின் தலைநகராகிய கராக்கஸில் ரிவரும் ரெயினும் தெருவில் நின்று பாடினர். கேட்டோர் ஈந்த காசு குடும்பத்தின் உணவுக்கு உதவிற்று. விளையாடும் பருவத்தில் பாட்டுப் பாடிப் பசி தீர்த்த பிள்ளைகள் அவர்கள்.

சில ஆண்டுகளில் அக்குழுவினரோடு மனம் வேறுபட்ட பெற்றோர், 1977ஆம் ஆண்டளவில் தாயகம் திரும்பத் துணிந்தனர். கையில் பொருள் இல்லை. சரக்குக் கப்பல் ஒன்றில் இடம் கிடைத்தது. நீலக் கடலையும் துள்ளும் மீன்களையும் கண்டு பிள்ளைகள் களித்தனர். அக்களிப்பு நீடிக்கவில்லை. மாலுமிகள் மீன் பிடித்தனர். பிடித்த மீன்களைக் கப்பற் சுவரில் ஓங்கி அறைந்து கொன்றனர். சற்றுமுன் நீரில் நீந்திய உயிர் துடிதுடித்து அடங்குவதைப் பிள்ளைகள் கண்டனர். அப்போது வாக்கீனுக்கு வயது மூன்று.

அம்மாலுமிகள் கொடியவர் அல்லர். தாம் அறிந்த தொழிலைச் செய்தவர்கள். அவர் செய்தது கடலில் நாள்தோறும் நிகழ்வதே. ஆயினும் அதனை முதன்முறையாகக் காணும் குழந்தையின் கண்ணுக்கு வழக்கம் என்பது ஏது? நாம் உண்ணும் உணவு இவ்வாறு வருவதை எங்களுக்கு ஏன் முன்னரே சொல்லவில்லை என்று பிள்ளைகள் தாயை வினவினர். தாயால் விடை கூற இயலவில்லை; அவர் கண்களிலிருந்து நீர் வழிந்தது. அக்கண்ணீர் இன்றும் தம் நினைவில் நிற்பதாக வாக்கீன் பலமுறை கூறியுள்ளார். அந்நிகழ்ச்சிக்குப் பின் அக்குடும்பம் ஊன் உணவைத் துறந்தது; பால், முட்டை முதலியவற்றையும் விலக்கியது. குழந்தைகளின் வினாவுக்குப் பெற்றோர் சொல்லால் அன்றிச் செயலால் விடையளித்தனர்.

ஊனோடு பாலையும் விலக்கும் இந்நெறிக்கு ஒரு தனிப் பெயர் உண்டு. 1944ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் இங்கிலாந்தில் டொனால்டு வாட்சன் என்பாரும் அவர்தம் தோழர் சிலரும் கூடி ஒரு சங்கம் நிறுவினர். மரக்கறி உணவினரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலையும் இறுதியையும் இணைத்து ‘வீகன்’ என்னும் புதுச்சொல்லை ஆக்கினர். தமிழில் இதனை ‘நனிசைவம்’ என்பர். ‘நனி’ என்பது மிகுதிப் பொருளை உணர்த்தும் உரிச்சொல் என்பதை மாணவர் இலக்கணத்தில் கற்றிருப்பர். பால், தயிர், நெய், முட்டை, தேன் ஆகிய யாவற்றையும் நனிசைவர் நீக்குவர். தோற்செருப்பும் பட்டாடையும் அணியார். பாலும் நெய்யும் நம் நாட்டுச் சைவ உணவில் உயர்ந்த இடம் பெற்றவை. ஆதலின் இந்நெறி நமக்குப் புதுமையாகத் தோன்றுதல் இயல்பே. கன்றுக்குரிய பாலைக் கொள்ளலாமா என்பதே நனிசைவர் எழுப்பும் வினா.

இந்நெறியை மேற்கொள்வோர் உடல்நலத்தையும் கருதுதல் வேண்டும். பயறு, பருப்பு, தானியம், கீரை, கொட்டை, கனி ஆகியவற்றை அளவறிந்து கலந்து உண்ணின் வேண்டும் ஊட்டம் பெரும்பாலும் கிடைக்கும். ஆனால் வைட்டமின் பி12 என்னும் சத்து தாவர உணவில் போதிய அளவு இல்லை. அதனை மாத்திரையாகவோ, அது சேர்க்கப்பெற்ற உணவாகவோ தவறாது கொள்ளல் வேண்டும். அன்பு மட்டும் போதாது. அறிவும் துணை நிற்றல் வேண்டும்.

அமெரிக்கா திரும்பிய குடும்பம், பழைய குடிப்பெயரை நீக்கி, ஃபீனிக்ஸ் என்னும் பெயரைப் பூண்டது. எரிந்த சாம்பலிலிருந்து மீண்டும் உயிர்த்தெழுவதாகப் பழங்கதைகள் கூறும் பறவையின் பெயர் அது. பின்னர்த் திரைப்பட நகராகிய லாஸ் ஏஞ்சலிஸுக்குச் சென்றனர். அங்கும் பிள்ளைகள் தெருவோரத்தில் ஆடிப் பாடினர். மெல்ல மெல்ல நடிப்பு வாய்ப்புகள் வந்தன. 1986ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஸ்டாண்ட் பை மீ’ என்னும் படம் ரிவரின் பெயரை நாடெங்கும் பரப்பியது. அதே ஆண்டில் வெளிவந்த ‘மஸ்கிட்டோ கோஸ்ட்’ என்னும் படத்தில் அவருடன் நடித்தவர் மார்த்தா பிளிம்ப்டன். இருவரும் ஒத்த வயதினர், உற்ற நண்பர்.

இருவர்க்கும் பதினைந்து வயது நடந்தபோது, நியூயார்க் நகரின் உயர்ந்த உணவு விடுதி ஒன்றுக்கு அவர்கள் உண்ணச் சென்றனர். இளம் பருவம், இனிய நட்பு, மகிழ்ச்சி நிறைந்த மாலை. மார்த்தா தமக்கு விருப்பமான நண்டுணவைக் கொணரச் சொன்னார். ரிவரின் முகம் வாடியது. அவர் எழுந்து வெளியே சென்றார். பார்க் அவென்யூ என்னும் அகன்ற வீதியில் அழுதவாறே நடந்தார். மார்த்தா பின்தொடர்ந்து சென்று கண்டபோது, தாம் அவர்பால் வைத்த அன்பைச் சொல்லி, ஏன் இவ்வாறு செய்தாய் என்று கேட்டு வருந்தினார். தோழி ஓர் உயிரை உண்பது மட்டுமன்று அவர் துயரம். தாம் நன்றெனக் கண்டதைத் தோழியின் நெஞ்சில் பதியவைக்க இயலவில்லையே என்பதும் அவரை வாட்டியது. இந்நிகழ்ச்சியைப் பின்னாளில் உலகிற்குச் சொன்னவர் மார்த்தாவே.

ரிவரின் செயல் முற்றும் சரியா? ஒருவர் உண்ண அமர்ந்த வேளையில் எழுந்து செல்லுதல் அவர் மனத்தைப் புண்படுத்துமன்றோ? புண்படுத்தும். ஆயினும் அவர் தட்டைத் தள்ளவில்லை, இழித்துப் பேசவில்லை. தம் துயரத்தைத் தாமே சுமந்து சென்றார். கொள்கையைக் கண்ணீராக மட்டுமே வெளியிடத் தெரிந்த பருவம் அது.

ரிவரின் வாழ்நாள் குறுகியது. 1993ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 31ஆம் நாள், தம் இருபத்து மூன்றாம் வயதில், அவர் மறைந்தார். ஆறு வற்றியது, இலை நின்றது. வாக்கீன் நடிப்புத் துறையில் படிப்படியாக உயர்ந்தார். தொழிலின் பொருட்டு எத்தனையோ ஊர்களுக்குச் சென்றார். எத்தனையோ வேடங்கள் புனைந்தார். நோன்பு மட்டும் மாறவில்லை. 2023ஆம் ஆண்டில் வெளிவந்த ‘நெப்போலியன்’ படத்தில் அவர் அப்பேரரசராக நடித்தார். நெப்போலியன் என்றவுடன் நம் நினைவில் எழுவது அவர் அணிந்த இருமுனைத் தொப்பி. விலங்கின் மயிரால் ஆன தொப்பியை வாக்கீன் அணியார் ஆதலின், உகாண்டா நாட்டு மரப்பட்டைத் துணியைக் கொண்டு அவருக்குத் தொப்பி செய்தனர். உணவில் தொடங்கிய நோன்பு வேடத்திலும் நின்றது.

2020ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 5ஆம் நாள் ‘கோல்டன் குளோப்’ விருது விழா நடைபெற்றது. கலைஞர் பலர் கூடி உண்ணும் விருந்தும் அவ்விழாவில் உண்டு. அவ்வாண்டு மீனுணவு பரிமாற முதலில் எண்ணியிருந்த அமைப்பினர், பின்னர் அதனை மாற்றி, முழுவதும் தாவர உணவாகவே பரிமாறினர். காளானும் கிழங்கும் அன்று விருந்துப் பொருளாயின. ‘ஜோக்கர்’ படத்திற்காகச் சிறந்த நடிகர் விருது பெற்ற வாக்கீன், மேடையேறியதும் அச்செயலுக்கு நன்றி கூறினார். தமையன் ஒரு தட்டின்முன் கண்ணீர் விட்டார். தம்பியோ கலைஞர் குழாம் முழுதும் ஒரு வேளை ஊனின்றி உண்ணக் கண்டார்.

அடுத்த திங்கள் 9ஆம் நாள் அவருக்கு ‘ஆஸ்கர்’ பரிசும் கிடைத்தது. உலகமே கேட்ட அம்மேடையில் அவர் தம் பெருமையைப் பேசவில்லை. கன்றைப் பிரிந்து கதறும் பசுவைப் பற்றிப் பேசினார். விழா முடிந்த இரவில் அவரும் அவருடைய துணைவியாராகிய நடிகை ரூனி மாராவும் விழாவுக்குரிய உயர்ந்த உடையுடனேயே படிக்கட்டில் அமர்ந்து, தாவரப் பொருளால் ஆன பர்கரை உண்டனர். அக்காட்சியைக் காட்டும் ஒளிப்படம் எங்கும் பரவியது. பொற்பரிசு அருகிருக்க, படிக்கட்டில் கைப்பிடி உணவு! எளிமையும் மகிழ்ச்சியும் எத்துணை நெருங்கியவை என்பதை அப்படம் காட்டிற்று.

மறுநாள் அவர் சென்ற இடமோ எவரும் எண்ணாதது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரை அடுத்த கொலைக்களம் ஒன்றுக்கு அவர் நண்பர் சிலருடன் சென்றார். அதன் உரிமையாளரோடு அமர்ந்து அமைதியாக உரையாடினார். ஒருவர் விலங்குகளைக் காக்க முனைபவர். மற்றவர் அவற்றைக் கொன்று விற்கும் தொழிலினர். இருவரும் சினந்து பேசவில்லை. ஒருவர் சொல்லை மற்றவர் கேட்டனர். முடிவில் உரிமையாளர் ஒரு பசுவையும் அதன் இளங்கன்றையும் விடுவிக்க இசைந்தார். வாக்கீன் கன்றைத் தம் கைகளில் ஏந்தி வெளியே வந்தார். தாய்க்கு ‘லிபர்ட்டி’ என்றும், கன்றுக்கு ‘இண்டிகோ’ என்றும் பெயரிட்டு, விலங்குகளைப் பேணும் காப்பகம் ஒன்றில் சேர்த்தனர். லிபர்ட்டி என்பதற்கு விடுதலை என்பது பொருள். கொலைக்களத்தில் தமக்கு ஒரு நட்புக் கிடைக்கும் என்று தாம் ஒருபோதும் எண்ணியதில்லை என்று வாக்கீன் பின்னர்க் கூறினார்.

கப்பலில் குழந்தைகள் வினவினர். வீதியில் இளைஞர் அழுதார். கொலைக்களத்தில் முதிர்ந்த மனிதர் நட்புக் கொண்டார். வினாவும் கண்ணீரும் நட்பும் ஒரே அன்பின் மூன்று படிகள். முதற்படியில் நின்றுவிடின் நோன்பு வெறும் வாதமாகும். இரண்டாம் படியில் நின்றுவிடின் வெறும் வருத்தமாகும். மாறுபட்ட கருத்தினரையும் உயிர் எனக் கருதி நேசிக்கும்போதே அது முழுமை பெறும்.

புலால் மறுத்தலையும் கொல்லாமையையும் தனித்தனி அதிகாரங்களில் வகுத்துரைத்த திருவள்ளுவர், இனியவை கூறலுக்கும் ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். ஊனை விலக்குவோர் கடுஞ்சொல்லையும் விலக்குதல் வேண்டும். உணவு அவரவர் குடிவழக்கையும் தொழிலையும் வறுமையையும் பொறுத்து அமைவது. பிறர் தட்டைப் பார்த்து இகழ்வோர், உயிரிரக்கம் உடையோர் ஆகார். தம் தட்டைப் பார்த்து, இது எங்கிருந்து வந்தது, இதற்காக எவ்வுயிர் நொந்தது என்று எண்ணிப் பார்ப்போரே அந்நெறியின் வாயிலில் நிற்போர். அவ்வெண்ணத்தை மூன்று வயதுக் குழந்தையும் எண்ண முடியும் என்பதற்கு அக்கப்பற் பயணம் சான்று.

வினாக்கள்

1. கலைஞர்க்கு நோன்பு காத்தல் அரிதாவது ஏன்?
2. கப்பலில் பிள்ளைகள் கண்டது யாது? தாய் ஏன் விடை கூறவில்லை?
3. ‘நனிசைவம்’ என்னும் சொல்லின் பொருளை விளக்குக.
4. ரிவர் உணவு விடுதியிலிருந்து வெளியேறியது பற்றி உம் கருத்து யாது? காரணம் கூறுக.
5. ‘வினாவும் கண்ணீரும் நட்பும் ஒரே அன்பின் மூன்று படிகள்’ — இக்கூற்றைப் பாடப்பகுதி கொண்டு நிறுவுக.