கண்களால் பேசும் சிறுமியர்



ஓராண்டுவரை தவழ்ந்து, சிரித்து, மழலை பேசிய பெண் குழந்தை ஒன்று மெல்ல மெல்லப் பேச்சை மறக்கிறது. கையில் கொடுத்த பொம்மையைப் பிடிக்க இயலவில்லை. அழைத்தால் திரும்பிப் பார்ப்பதில்லை. இரு கைகளையும் சோப்புப் போட்டுக் கழுவுவதுபோல ஓயாமல் பிசைந்துகொண்டே இருக்கிறது. இது ஆட்டிசமா?

மருத்துவர் பலரும் முன்பு அவ்வாறே எண்ணினர். ஆனால் இதற்கு 'ரெட் நோய்' என்று தனிப்பெயர் உண்டு. ஏறத்தாழ 10,000 பெண் குழந்தைகளில் ஒருவரை இது தாக்குகிறது.

1954-ஆம் ஆண்டு வியன்னா நகரில் ஆண்ட்ரியாஸ் ரெட் என்னும் குழந்தை மருத்துவர், அன்னையர் மடியில் அமர்ந்து ஒரே விதமாகக் கைகளைப் பிசைந்துகொண்டிருந்த இரு சிறுமியரைக் கண்டார். அதன்பின் இத்தகைய குழந்தைகளைத் தேடி ஆராய்ந்து, 1966-இல் ஜெர்மன் மொழியில் கட்டுரை வெளியிட்டார். எனினும் அது பரவலாக அறியப்படவில்லை. 1983-இல் ஸ்வீடன் நாட்டு மருத்துவர் ஹாக்பெர்க், வேறு சில மருத்துவர்களுடன் சேர்ந்து 35 சிறுமியரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய பின்னரே உலகம் இந்நோயை அறிந்தது.

இதற்குக் காரணம் என்ன? லெபனானில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றும் ஹூடா ஸோக்பி என்ற பெண் விஞ்ஞானியின் குழுவினர் 1999-இல் விடை கண்டனர். எக்ஸ் குரோமோசோமில் உள்ள எம்.இ.சி.பி.2 என்ற ஒரு மரபணு பழுதுபடுவதே காரணம். மூளையின் நரம்பணுக்களில் மற்ற மரபணுக்களின் வேலையை ஒழுங்குபடுத்துவது அது. பெண்களுக்கு எக்ஸ் குரோமோசோம்கள் இரண்டு. ஒன்று பழுதானாலும் மற்றொன்று ஓரளவு காக்கிறது. ஒன்றே உடைய ஆண் சிசுக்களோ இப்பழுதுடன் நெடுநாள் வாழ்வது அரிது.

அப்படியானால் ஆட்டிசத்துக்கும் இதற்கும் என்ன உறவு? பேச்சை இழப்பதும், பிறர் முகத்தைப் பாராமல் ஒதுங்குவதும், செய்ததையே திரும்பத் திரும்பச் செய்வதும் இரண்டிலும் காணப்படுகின்றன. ஆனால் ஆட்டிசத்துக்கு ஒரே காரணம் என்பது இல்லை. மேலும், ரெட் நோயில் அந்த ஒதுக்கம் பெரும்பாலும் சில காலமே நீடிக்கும். பிறகு அக்குழந்தை நம் கண்களை ஆவலுடன் நோக்கும்; தன் விருப்பத்தைப் பார்வையாலேயே தெரிவிக்கும். ஆகவே 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் நோய்ப்பட்டியலில் ஆட்டிசப் பிரிவிலிருந்து ரெட் நோயை நீக்கினர்.

பெற்றோர் அறிய வேண்டியது ஒன்று உண்டு. இம்மரபணுப் பழுது பெரும்பாலும் குழந்தையிடம் புதிதாகத் தோன்றுவது. பரம்பரையாக வருவது மிக அரிது. தாய் கிரகணம் பார்த்ததாலோ, உண்ட உணவாலோ, வளர்ப்பில் நேர்ந்த குறையாலோ வருவதன்று. ஒரு காலத்தில் மேலைநாட்டு அறிஞர் சிலர், தாயின் அன்பின்மையே ஆட்டிசத்துக்குக் காரணம் என்றனர். அக்கூற்று பொய்யென்று தள்ளப்பட்டது. துயருறும் தாய்மீது பழி சுமத்துவது அறியாமை மட்டுமன்று, பாவமும் ஆகும்.

பூரண குணம் தரும் மருந்து இன்னும் இல்லை. ஆயினும் 2007-இல் எடின்பரோவில், அந்த மரபணுவை மீண்டும் செயற்படச் செய்தபோது நோயுற்ற எலிகள் தேறின. 2023-இல் அமெரிக்காவில் நோயின் கடுமையை ஓரளவு தணிக்கும் மருந்து ஒன்றுக்கு அனுமதி கிடைத்தது.

தோழியரே! இத்தகைய தங்கை ஒருத்தியை எங்கேனும் கண்டால் விலகிச் செல்லாதீர். அருகில் அமர்ந்து, பெயர் சொல்லி அழைத்து, அவள் கண்களைப் பாருங்கள். பதில் வரச் சற்று நேரமாகும், பொறுமையுடன் காத்திருங்கள். இறைவனின் சாயலை அங்கும் காண்பீர்கள்.