சபையில் திட்டிவிட்டு அறையில் மன்னிப்பா?

 

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக!

நம்மில் ஒவ்வொருவரிடமும் தள்ளிப் போட்டு வரும் ஒரு பேச்சு இருக்கிறது. கல்லாவில் பணம் குறைகிறது, யாரிடம் எப்படிக் கேட்பது என்று முதலாளி தவிக்கிறார். மூன்று மாதச் சம்பளம் பாக்கி, கேட்டால் வேலை போய்விடுமோ என்று தொழிலாளி வாய் திறக்கவில்லை. அண்ணன் சவூதியிலிருந்து அனுப்பிய பணத்தில் வாங்கிய மனை தம்பி பெயரில் இருக்கிறது. பெருநாளைக்குச் சேர்ந்து சாப்பிடுகிறார்கள், எல்லாவற்றையும் பேசுகிறார்கள், அந்த மனையைத் தவிர.

இப்படிப்பட்ட பேச்சை நாம் இரண்டு விதத்தில் கெடுக்கிறோம். ஒன்று, வருடக்கணக்கில் விழுங்கிவிடுகிறோம். இன்னொன்று, ஒருநாள் நாலு பேர் முன்னால் போட்டு உடைத்துவிடுகிறோம். இரண்டாவது தவறை நானே செய்திருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு ஃபஜ்ர் நேரம்

பல வருடங்களுக்கு முன் வேறொரு ஊரில் இமாமாக இருந்தேன். அங்கே மோதினாராக இருந்தவர் என்னைவிட வயதில் மூத்தவர். தொடர்ந்து சில நாட்கள் ஃபஜ்ருக்குத் தாமதமாக வந்தார். ஜமாஅத்தார் பூட்டிய கதவுக்கு வெளியே நின்றார்கள். மூன்றாவது நாள் தொழுகை முடிந்ததும், எல்லோரும் இருக்கும்போதே, "சம்பளம் வாங்குகிறீர்கள், பொறுப்பு வேண்டாமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு பாயைச் சுருட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று லுஹருக்கு ஒரு பெரியவர் வந்து விஷயத்தைச் சொன்னார். மோதினாரின் மகள் அரசு மருத்துவமனையில் இருக்கிறாள், இரவெல்லாம் அங்கே இருந்துவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்து வருகிறார் என்று. எனக்கு உடம்பு கூசிவிட்டது. அவரை என் அறைக்கு அழைத்து, கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. மெதுவாகச் சொன்னார்: "ஹஜ்ரத், திட்டினது சபையில. மன்னிப்பு மட்டும் அறையிலயா?"

மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் அதே ஸஃப்பில், அதே மக்கள் முன்னால் என் தவறைச் சொன்னேன். அவர் மன்னித்தார், அல்ஹம்து லில்லாஹ். ஆனால் அரபுக் கல்லூரியில் பல வருடம் ஹதீஸ் ஓதிய எனக்கு, "பாய், என்ன ஆச்சு?" என்று ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லையே! அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழி

ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டு. மக்கா வெற்றிக்குப் பின் ஹுனைன் போர் நடந்தது. அந்தப் போரில் கிடைத்த கனீமத் பொருட்களை நாயகம் (ஸல்) அவர்கள் ஜிஃரானா என்ற இடத்தில் பங்கிட்டார்கள். புதிதாக இஸ்லாத்திற்கு வந்த குறைஷிகளுக்கும் மற்றக் கோத்திரத் தலைவர்களுக்கும் அள்ளிக் கொடுத்தார்கள். சிலருக்கு 100 ஒட்டகங்கள்! அவர்களின் உள்ளம் தீனில் நிலைபெற வேண்டும் என்பதே நோக்கம். ஆரம்பம் முதல் தோள் கொடுத்த மதீனாவின் அன்ஸாரிகளுக்கு அதிலிருந்து கொடுக்கவில்லை. அன்ஸாரிகளில் சில இளைஞர்கள் மனம் நொந்து பேசினார்கள்.

அப்போது கஸ்ரஜ் கோத்திரத் தலைவர் ஹழ்ரத் ஸஃது இப்னு உபாதா (ரலி) அவர்கள் என்ன செய்தார்கள்? ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியவில்லை. நேராக நாயகத்திடமே வந்து, தம் மக்களின் மனக்குறையைச் சொன்னார்கள். இதில் உம் நிலை என்ன என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டபோது, நானும் என் சமூகத்தாரில் ஒருவன்தானே என்று மறைக்காமல் சொன்னார்கள். அதற்காக நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. உம் மக்களை ஒன்றுகூட்டும் என்றார்கள்.

அடுத்து நடந்ததை ஹழ்ரத் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் புகாரி ஹதீஸில் பார்க்கிறோம். அன்ஸாரிகளை மட்டும் ஒரு தோல் கூடாரத்தில் கூட்டினார்கள். மற்றவர்களை அழைக்கவில்லை. கூடியதும் முதலில் கேள்விதான்: உங்களைப் பற்றி எனக்கு எட்டிய இந்தப் பேச்சு என்ன? பெரியவர்கள், எங்களில் விபரமுள்ளவர்கள் எதுவும் சொல்லவில்லை, வயது குறைந்த சிலர்தான் பேசினார்கள் என்று உண்மையைச் சொன்னார்கள்.

பிறகு நாயகம் (ஸல்) அவர்கள் தம் மூலம் அல்லாஹ் அவர்களுக்குச் செய்த உபகாரங்களை நினைவூட்டினார்கள். அதோடு நிறுத்தவில்லை. அன்ஸாரிகள் தம்மிடம் சொல்லக்கூடியதையும் தாமே எடுத்துச் சொன்னார்கள். மக்கள் பொய்யர் என்றபோது நாங்கள் நம்பினோம், விரட்டியபோது இடம் கொடுத்தோம் என்று நீங்கள் சொல்லலாம், சொன்னால் அது உண்மைதான் என்றார்கள். அதற்குப் பிறகுதான் தம் கருத்தை வைத்தார்கள். மற்றவர்கள் ஆட்டையும் ஒட்டகத்தையும் ஓட்டிக்கொண்டு போகட்டும், நீங்கள் அல்லாஹ்வின் ரஸூலோடு வீடு திரும்புவது உங்களுக்குப் போதாதா என்று கேட்டார்கள். அன்ஸாரிகளுக்காகவும், அவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளுக்காகவும் துஆ செய்தார்கள். தாடி நனையும் அளவுக்கு அன்ஸாரிகள் அழுதார்கள்.

சகோதரர்களே! கவனியுங்கள். பங்கீட்டை நாயகம் (ஸல்) அவர்கள் மாற்றவில்லை. கொடுத்த ஒட்டகத்தைத் திரும்ப வாங்கவில்லை. ஆனாலும் மனங்கள் ஒன்றாயின. காரணம் என்ன? சம்பந்தப்பட்டவர்களிடம் மட்டும் பேசினார்கள். தீர்ப்புக்கு முன் கேள்வி கேட்டார்கள். எதிரில் இருப்பவரின் நியாயத்தைத் தம் வாயாலேயே ஒப்புக்கொண்டார்கள். அதன் பிறகே தம் பக்கத்தைத் தெளிவாகச் சொன்னார்கள்.

வேலை இடத்தில்

முதலாளிமார்களே! நபி சுலைமான் (அலை) அவர்களின் சரித்திரத்தை சூரா நம்லில் ஓதிப் பாருங்கள். ஹுத்ஹுத் பறவையைக் காணோம். கடும் தண்டனை உண்டு என்றார்கள். ஆனால் அதோடு, தெளிவான காரணம் கொண்டு வந்தால் தவிர என்று ஒரு வாசலைத் திறந்து வைத்தார்கள். பறவை வந்து ஸபா நாட்டுச் செய்தியைச் சொன்னதும், முழுவதும் கேட்டுவிட்டு, நீ சொல்வது உண்மையா பொய்யா என்று பார்க்கிறோம் என்றார்கள். கேட்பது என்றால் சொன்னதையெல்லாம் அப்படியே நம்புவது அல்ல. கேட்க வேண்டும், பிறகு விசாரிக்க வேண்டும். கல்லாவில் பணம் குறைந்தால் கணக்கை எடுத்துக்கொண்டு பையனைத் தனியாக அழையுங்கள். "திருடினாயா?" என்று ஆரம்பிக்காதீர்கள். "இந்த மூன்று நாள் கணக்கு இடிக்கிறது, உனக்கு ஏதாவது தெரியுமா?" என்று கேளுங்கள்.

தொழிலாளிகளே! உழைத்த கூலியைக் கேட்பது பிச்சை அல்ல, உங்கள் ஹக்கு. நபி மூஸா (அலை) அவர்களையும் ஹாரூன் (அலை) அவர்களையும் ஃபிர்அவ்னிடம் அனுப்பியபோது, அவனிடம் மென்மையாகப் பேசும்படி அல்லாஹு தஆலா கட்டளையிட்டான் (20:44). அதே இடத்தில், பனூ இஸ்ராயீல்களை எங்களோடு அனுப்பிவிடு, அவர்களை வேதனை செய்யாதே என்று நேரடியாகக் கேட்கவும் சொன்னான் (20:47). தொனி மென்மையாக இருக்கட்டும், கோரிக்கை தெளிவாக இருக்கட்டும். "எப்போது முடியுமோ கொடுங்கள்" என்று முணுமுணுக்காதீர்கள். எத்தனை மாதம், எவ்வளவு தொகை, எந்தத் தேதிக்குள் என்று கேளுங்கள்.

அப்படி ஒருவர் உங்களிடம் கேட்கும்போது குரல் உயர்ந்துவிட்டால்? நாயகத்திடம் கடன் கேட்டு வந்த ஒருவர் கடுமையாகப் பேசினார். ஸஹாபாக்கள் அவர் மீது பாயப் போனார்கள். அவரை விடுங்கள், உரிமை உள்ளவருக்குப் பேச இடமுண்டு என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவருக்குக் கொடுக்க வேண்டியதைவிட நல்ல ஒட்டகத்தையே கொடுக்கச் சொன்னார்கள்.

வீட்டில்

வீட்டில்தான் இது இன்னும் கடினம். நபி மூஸா (அலை) அவர்கள் தூர் மலையிலிருந்து திரும்பி, மக்கள் காளைக்கன்றை வணங்குவதைக் கண்டபோது, சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களின் தலையையும் தாடியையும் பிடித்துவிட்டார்கள். ஹாரூன் (அலை) அவர்கள் திருப்பிக் கத்தவில்லை. என் தாயின் மகனே என்று அழைத்து, தம் நிலையை விளக்கினார்கள். அதைக் கேட்ட மூஸா (அலை) அவர்கள், தமக்கும் சகோதரருக்கும் சேர்த்தே பாவமன்னிப்புத் தேடினார்கள் (7:150, 151). ஒரே தாயின் வயிற்றில் பிறந்தவர்கள் என்ற நினைவு அந்தக் கோபத்தை அடக்கியது.

மனையைப் பற்றிப் பேச வேண்டிய அண்ணனே! நிக்காஹ் வீட்டில், மச்சான்மார் முன்னால் அதை எடுக்காதீர்கள். தம்பியைத் தனியாக உட்கார வைத்து, "நான் இல்லாத காலத்தில் வாப்பா உம்மாவை நீதான் பார்த்தாய்" என்று ஆரம்பியுங்கள். அது உண்மைதானே! பிறகு மனையைக் கேளுங்கள். முடிவானதைச் சாட்சிகளோடு எழுதி வையுங்கள். கடனையே எழுதச் சொல்கிற மார்க்கம் நம்முடையது (2:282).

சகோதரிகளின் பங்கை வைத்திருக்கும் சகோதரர்களே! வாப்பா மவுத்தான பின் பெண்ணுக்குரிய பங்கு அல்லாஹ் விதித்தது (4:7, 4:11). கல்யாணத்தில் நகை போட்டோம், சீர் செய்தோம் என்பதால் அது தீர்ந்துவிடாது. அவள் கேட்கவில்லை என்றால் விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று அர்த்தமில்லை. கேட்டால் தாய்வீட்டு வாசல் அடைந்துவிடுமே என்ற பயமாக இருக்கலாம். இந்தப் பேச்சை அவள் தொடங்கும்வரை காத்திருக்காதீர்கள். நீங்கள் போய்த் தொடங்குங்கள்.

கோபம் வந்தால், நிற்பவர் உட்காரட்டும் என்பது ஹதீஸ். பேசப் போகும் முன் இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு, உள்ளத்தை விசாலமாக்கவும் நாவின் முடிச்சை அவிழ்க்கவும் நபி மூஸா (அலை) அவர்கள் கேட்ட துஆவைக் கேளுங்கள் (20:25-28).

இந்த வாரம், அடுத்த ஜும்ஆவுக்குள், தள்ளிப் போட்ட ஒரே ஒரு பேச்சை எடுங்கள். அந்த மனிதரைத் தனியாகப் பாருங்கள். முதல் வாக்கியம் ஒரு கேள்வியாக இருக்கட்டும். ஏற்கெனவே சபையில் யாரையாவது உடைத்திருந்தால், சபையிலேயே மன்னிப்புக் கேளுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் நாவுகளைப் பாதுகாத்து, உரியவர்களின் ஹக்குகளை நிறைவேற்றி, பிரிந்த உள்ளங்களைச் சேர்த்து வைக்கும் நல்ல தவ்ஃபீக்கை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.