தருமி யார் பெற்ற பிள்ளை?

கேள்வி: புராணத்தைச் சினிமா மாற்றிச் சொன்னால் அந்த மாற்றமும் புராணமாகிவிடுமா?

பதில்: ஆகிவிடும், ஆகியும் விட்டது. தருமியையே எடுத்துக்கொள்ளுங்கள். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் அவன், கல்யாணத்துக்குப் பொருள் வேண்டி இறைவனிடம் மன்றாடும் ஏழை. பாட்டை வாங்கிக்கொண்டு சபைக்குப் போகிறான். புலவராக வந்த சிவனை அவன் அடுக்கடுக்காகக் கேள்வி கேட்டுச் சோதிப்பது, 1965-ல் வந்த படத்தில் இயக்குநர் ஏ.பி.நாகராஜனும் நடிகர் நாகேஷும் தந்த கொடை.

ஒரு பள்ளி ஆண்டுவிழாவில் எட்டு வயதுத் தருமி, நழுவும் துண்டைப் பிடித்தபடி அந்தக் கேள்விகளைக் கேட்டான். முன்வரிசைப் பாட்டிகளின் உதடுகள் பதிலை முந்திக்கொண்டு அசைந்தன.

இதில் வருந்த எதுவுமில்லை. தருமி சபைக்குக் கொண்டுபோனதாகச் சொல்லப்படும் பாட்டு, இறையனார் பாடிய குறுந்தொகை 2-ஆம் பாட்டு; அதில் தருமியே கிடையாது. அவனும் பின்னால் வந்து சேர்ந்தவன்தான்.