கியர் பாக்ஸ் போச்சா? கொஞ்சம் பொறுங்க!
(பழைய காரில் கியர் கோளாறு கண்டறிவது பற்றி ஒரு பாடம்)



கான்ஸ்டன்ட் மெஷ் கியர் பாக்ஸ் படத்தை அம்புக்குறி தவறாமல் வரைந்து முழு மார்க் வாங்கியவன் நான். அதே கியர் பாக்ஸ் நடுரோட்டில் மக்கர் பண்ணியபோது பேந்தப் பேந்த விழித்து நின்றவனும் நானேதான். அந்த அனுபவத்தையும், அதில் கற்ற பாடத்தையும் உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

நடந்தது என்ன?

எங்க வீட்டுக் கார் பதினாலு வருஷப் பழசு. நாங்கள் மூன்றாவது ஓனர். ஐந்து கியர், முன்சக்கர இழுவை. பாட்டிக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். ஆட்டோவுக்குக் கொடுத்து மாளவில்லை என்று சீட்டுப் பணத்தை எடுத்து 1,20,000 ரூபாய்க்கு அப்பா வாங்கினார்.

வாங்கிய ஐந்தாம் மாதம் பழனிக்குப் போகும் வழியில் ஒரு ரயில்வே கேட்டில் நின்றோம். கேட் திறந்தது, முதல் கியர் விழவில்லை. "கர்ர்ர்" என்று ஒரே சத்தம். ரிவர்ஸும் அப்படியே. பின்னால் லாரிக்காரர்கள் ஹாரன் அடிக்க, இறங்கித் தள்ளி ஓரம் கட்டினோம். பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் லீவரை இரண்டு ஆட்டு ஆட்டிப் பார்த்துவிட்டு, "கியர் பாக்ஸ் போச்சு சார், எறக்கணும். முப்பத்தஞ்சாயிரம் ஆகும்" என்றார்கள். அப்பாவின் முகம் சுண்டிவிட்டது. அடுத்த டயாலிசிஸுக்கு இரண்டே நாள் இருந்தது.

"ஒரு நாள் பொறுங்கப்பா" என்று சொல்லிவிட்டேன். தைரியத்தில் சொன்னது இல்லை. வேறு என்ன சொல்வது என்று தெரியாமல் சொன்னது.

உள்ளே நடப்பது

கோளாறு கண்டுபிடிக்க முதலில் வேலை செய்யும் விதம் புரிய வேண்டும். கான்ஸ்டன்ட் மெஷ்ஷில் முன்னோக்கிப் போகும் பற்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியே சுற்றுகின்றன. நாம் லீவரைத் தள்ளும்போது பற்சக்கரம் நகர்வதில்லை; ஒரு ஸ்லீவ் நகர்ந்து, வேண்டிய பற்சக்கரத்தை ஷாஃப்ட்டோடு பூட்டுகிறது. பூட்டும் இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றினால்தான் சத்தமில்லாமல் சேரும். அந்த வேகத்தைச் சமன் செய்வது சிங்க்ரோ ரிங். ஓடும் பஸ்ஸில் ஏறுபவர் கூடவே நாலு எட்டு ஓடிவிட்டு ஏறுகிறாரே, அதே வேலைதான். 1928-ல் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் இது வந்தது. அதற்கு முன் டிரைவர்கள் டபுள் கிளட்ச் அடித்தே காலம் தள்ளினார்கள்.

இங்கேதான் முக்கியமான விஷயம். கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்றால் இன்ஜின் இன்புட் ஷாஃப்ட்டைச் சுற்றிக்கொண்டே இருக்கும். பாவம், சின்ன சிங்க்ரோ ரிங் இன்ஜினோடு மல்லுக்கட்டி ஜெயிக்க முடியுமா? ஆகவே கியர் விழாது. குற்றவாளி கிளட்ச், அடி வாங்குவது கியர் பாக்ஸ்.

காசில்லாத சோதனை

இன்ஜினை நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போடுங்கள். கிளட்சை மிதித்து எல்லாக் கியரையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஏதாவது ஒன்று தட்டினால் காரை ஒரு சாண் முன்னும் பின்னும் உருட்டிவிட்டு மறுபடி போடுங்கள். பிறகு நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து இதையே திரும்பச் செய்யுங்கள்.

நிறுத்தியபோது வெண்ணெய் போல விழுந்து, ஓடும்போது கர்ரென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கிளட்ச்தான். நிறுத்தியபோதும் விழவில்லை என்றால் லீவரின் கேபிள், லிங்கேஜ், செலக்டர் ஃபோர்க் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

எங்கள் காரில் எல்லாக் கியரும் விழுந்தன! பானெட்டைத் திறந்து கிளட்ச் கேபிளைக் கழற்றினால், உறைக்குள் பாதி இழைகள் அறுந்து கிடந்தன. பெடல் அடி வரை போகிறது. கிளட்ச் லீவர் பாதி தூரம்தான் நகர்கிறது. புதுக் கேபிள் 450 ரூபாய். ஒரு மணி நேர வேலை. முதல் கியர் விழுந்தது. அம்மா சூடம் ஏற்றினார்கள்; எனக்கோ வைவாவில் தேறிய சந்தோஷம்.

அறிகுறியும் காரணமும்

ஒர்க்‌ஷாப் போகுமுன் கீழே உள்ளவற்றைக் குறித்துக்கொண்டு போங்கள்:

1. ஒரே ஒரு கியர் மட்டும், மாற்றும்போது உரசுகிறது: அந்தக் கியரின் சிங்க்ரோ ரிங் தேய்ந்திருக்கும்.
2. கியர் தானாக நியூட்ரலுக்குத் துள்ளி வருகிறது: லாக் பால் ஸ்பிரிங், ஃபோர்க், பூட்டும் பற்கள் அல்லது இன்ஜின் மவுண்ட்டிங்.
3. நியூட்ரலில் ஊளைச் சத்தம். கிளட்சை மிதித்தால் நிற்கிறது: இன்புட் ஷாஃப்ட் பேரிங்.
4. மிதித்தால்தான் சத்தம் வருகிறது: கிளட்ச் ரிலீஸ் பேரிங்.
5. வளைவில் "டக் டக்": இது கியர் பாக்ஸே அல்ல, டிரைவ் ஷாஃப்ட்டின் சிவி ஜாயின்ட்.
6. இன்ஜின் அலறுகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது: கிளட்ச் ஸ்லிப்.

ஆறாவதற்கு ஒரு சின்னக் கணக்கு. நான்காம் கியர் விகிதம் 1:1, ஃபைனல் டிரைவ் 4:1, சக்கரம் ஒரு சுற்றில் 1.7 மீட்டர் உருளும் என்று வைத்துக்கொள்வோம். இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்றினால் சக்கரம் 750 சுற்று. தூரம் 1275 மீட்டர். அதாவது மணிக்கு 76.5 கி.மீ. அதே 3000-ல் ஸ்பீடோமீட்டர் 60 காட்டினால் சுமார் 22 சதவீதம் கிளட்ச்சில் சூடாகிப் போகிறது என்று பொருள். டாக்கோமீட்டர் உள்ள எந்தக் காரிலும் அதன் சொந்த விகிதங்களை வைத்து இதைப் போட்டுப் பார்க்கலாம். நம்ம அப்ளைடு மேத்ஸ் ரோட்டுக்கும் உதவும்!

ஆயில் சொன்ன கதை

கதை இன்னும் முடியவில்லை. கேபிள் மாற்றி ஓட்டியபோது மூன்றாவது அறிகுறியான நியூட்ரல் ஊளை பளிச்சென்று கேட்டது. இது நிஜமாகவே கியர் பாக்ஸ் வேலை. தெரிந்த புரோக்கர் ஒருவர் வீட்டுக்கு வந்து அப்பாவிடம், "இதுல காசு போடாதீங்கண்ணே. கெட்டியா ஆயில் ஊத்துனா சத்தம் அமுங்கிடும். வண்டி ஓடுறப்பவே தள்ளி விட்டுருங்க" என்றார். அப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மறுநாள் பாட்டியை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்ததும், "ஆயிலை எறக்கிப் பாருடா" என்றார்.

ஆயில் இறக்க ஒரு விதி உண்டு. முதலில் ஊற்றும் பிளக் கழல்கிறதா என்று பாருங்கள். பிறகே வடிக்கும் பிளக்கைத் தொடுங்கள். வடித்த பிறகு ஊற்றும் பிளக் இறுகிக்கொண்டால் வண்டி நின்ற இடத்திலேயே கிடக்கும். ஜாக்கியை மட்டும் நம்பியோ, செங்கல் அடுக்கியோ காருக்கு அடியில் போகவே கூடாது. ஸ்டாண்டு கட்டாயம்.

கையேட்டின்படி இரண்டு லிட்டருக்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு லிட்டர்கூட வரவில்லை. வந்ததும் வெல்லப்பாகு போலக் கெட்டியாக இருந்தது. புரோக்கர் சொன்ன வித்தையை எங்களுக்கு முன்பே எவரோ செய்துவிட்டு, எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள்! அப்பா அந்தத் தட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நமக்குச் செஞ்சத நாம இன்னொருத்தனுக்குச் செய்ய வேணாம்டா. நம்ம மாதிரியே அவன் வீட்டுலயும் ஒரு பாட்டி இருக்கும்" என்றார். அதோடு விற்கும் பேச்சு முடிந்தது.

கெட்டி ஆயில் ஏன் கெடுதல்? சிங்க்ரோ ரிங் எதிர்க் கூம்பைப் பிடிக்க, நடுவில் உள்ள ஆயில் படலத்தை அறுக்க வேண்டும். படலம் கெட்டியானால் பிடி நழுவும்; காலையில் கியர் விழ அடம் பிடிக்கும். பேரிங்குகளுக்குள்ளும் ஆயில் சரியாகப் போகாது. கையேட்டில் ஜி.எல்.-4, 75டபிள்யூ-90 என்று போட்டிருந்தால் அதைத்தான் ஊற்ற வேண்டும்.

பிளக்கில் காந்தம் இருந்தால் அதையும் படியுங்கள். மைபோல நைசான சாம்பல் நிறப் பசை வழக்கமான தேய்மானம்தான். பித்தளை மின்னல் தெரிந்தால் சிங்க்ரோ ரிங் தேய்கிறது (பித்தளை காந்தத்தில் ஒட்டாது, ஆயிலில்தான் தேட வேண்டும்). இரும்புச் சில்லு, பல் துண்டு கிடைத்தால் அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள்.

பிரிப்பதா, மாற்றுவதா?

எங்களுக்குச் சில்லு எதுவும் கிடைக்கவில்லை. டிரைவ் ஷாஃப்ட் ஆயில் சீல் கசிந்து ஆயில் குறைந்து, பேரிங் காய்ந்திருக்கிறது. செமஸ்டர் லீவில் ஒரு பழைய மெக்கானிக் அண்ணனிடம் கையாளாக நின்றேன். பேரிங், இரு பக்க சீல், புது ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 9,500 ரூபாய். பாக்ஸை இறக்கும்போது கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங் இரண்டையும் பார்த்துவிடுங்கள். பிறகு அதற்கென்று தனியாக இன்னொரு முறை இறக்கினால் கூலி இரட்டிப்பு.

கேஸிங் உடைந்து, பற்கள் போயிருந்தால் சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய கியர் பாக்ஸ் வாங்குவதும் ஒரு வழி. ஆனால் அதே மாடல், அதே இன்ஜின், அதே விகிதம்தானா என்று பார்த்து, ஷாஃப்ட்டைக் கையால் சுற்றி ஆட்டம் பார்த்து, மாற்றித் தருவதாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆட்டோமேட்டிக் கார்களுக்கு இதே பாடம் அப்படியே பொருந்தாது. 2014-ல் மாருதி செலெரியோவில் வந்த ஏ.எம்.டி. வகையில் உள்ளே இருப்பது சாதாரண கியர் பாக்ஸும் கிளட்சும்தான்; மிதிப்பதும் தள்ளுவதும் இயந்திரம். அங்கே ஸ்கேனர் போட்டுக் கோடு பார்த்த பிறகே ஸ்பேனரை எடுக்க வேண்டும். டார்க் கன்வெர்ட்டர், சி.வி.டி. வகைகளுக்கு ஆயிலே வேறு. மாற்றி ஊற்றினால் தொலைந்தது.

முடிவாக

நாளை நம்மில் பலர் ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குப் போவோம். சிலர் சொந்தமாகவும் வைப்போம். கலங்கிய முகத்தோடு ஒரு அப்பா வந்து நிற்பார். "பாக்ஸ் போச்சு" என்று சொல்ல அரை நிமிடம் போதும். இன்ஜினை நிறுத்திக் கியர் போட்டுப் பார்க்கவும் ஐந்து நிமிடம்தான் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தை அவருக்குக் கொடுப்போம்.

எங்கள் கார் இப்போதும் செவ்வாயும் வெள்ளியும் பாட்டியை ஏற்றிக்கொண்டு போகிறது. சத்தம் இல்லை. கிளட்ச் பெடல் மேலேயே காலை வைத்து ஓட்டும் பழக்கத்தை மட்டும் அப்பா இன்னும் விடவில்லை. அதற்கு எந்தக் கையேட்டிலும் வழி இல்லை!